மாமா கொண்டுவந்த ஆயில்

என் மாமா ஆயிலை முகர்ந்து பார்த்தே அது எந்த நம்பர் என்று சொல்லிவிடுவார் என்று நான்காம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பத்தூரில் லாரிக்கும் டிராக்டருக்கும் ஆயில் விற்கிற ஒரு கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். போளூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் உள்ளே வரமாட்டார். வாசலில் நிற்கும், அப்பா மண் தோண்டுகிற பொக்லைன் வண்டியிடம்தான் போவார். மூடியைத் திறந்து விரல் நுனியில் ஒரு சொட்டு தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "அறுபத்தெட்டு" என்பார். நான் கைதட்டுவேன். பக்கத்தில் கிடக்கும் காலிக் கேனிலும் அறுபத்தெட்டு என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை அவரும் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்பாவிடம் இந்த மாதிரி வித்தையெல்லாம் கிடையாது. பேச்சும் குறைவு. எங்களோடு பேசுவதைவிட வண்டியோடு அதிகம் பேசுகிறார் என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். பல வருடம் யார் யார் வண்டியையோ ஓட்டிவிட்டு, கடைசியாகச் சொந்தத்தில் ஒரு பழைய பொக்லைன் வாங்கியிருந்தார். மஞ்சள் பெயிண்ட் அங்கங்கே உரிந்து, கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டு, பார்ப்பதற்கு ஒன்றும் பெருமையாக இருக்காது. ஆனால் ஆயுதபூஜை அன்று எங்கள் வீட்டில் பெரிய மாலை அதற்குத்தான். சாமி படத்துக்குச் சின்னது.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் காலாண்டுத் தேர்வு லீவு விடும்போது அப்பா ஜவ்வாது மலையில் இருந்தார். மேலே ஒரு சிற்றூரில் ஏரியின் மதகு இடிந்துபோயிருந்தது. கரையை அந்த இடத்தில் வெட்டி, பழைய கல்லை எல்லாம் எடுத்துவிட்டு, புதுக் குழாய் பதித்து, மறுபடியும் மண் போட்டு மூடவேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. லீவு விட்டதும் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஊர்க்காரர்கள் சாமை மூட்டை அடுக்குகிற ஒரு அறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தானிய வாசம் அடிக்கும்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே சின்ன ஏரி. கரைக்குக் கீழே படிபடியாகச் சாமைக் கொல்லைகள். கதிர் பிடித்து, தலை சாய்ந்து நின்றது பயிர். வெட்டிய இடத்துக்கு நேர் கீழே ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காரப் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் புருஷன் கர்நாடகாவில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அவளும் இடுப்பில் ஒரு கைக்குழந்தையும் மட்டும்தான். பொக்லைன் கையைத் தூக்கினால் அந்தக் குழந்தையும் தன் கையைத் தூக்கும். அப்பா அதற்காகவே சில தடவை காரணமில்லாமல் தூக்கி இறக்குவார். அப்பாவுக்கு விளையாடத் தெரியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நாங்கள் போனபோது கரை வெட்டியாகிவிட்டது. ஒரு வீட்டையே உள்ளே நுழைக்கலாம் போல அகலமாக ஒரு பிளவு. அதில் புதுக் குழாய் படுத்திருந்தது. ஏரித் தண்ணீர் அந்தப் பக்கம் வராமல் இருக்க, முன்னால் அப்பா ஒரு சின்ன மண் தடுப்பு போட்டுவைத்திருந்தார். இனி மண் போட்டு மூடவேண்டியதுதான் பாக்கி. ஒரு நாள் காலை மூட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 'டப்'பென்று ஒரு சத்தம். வண்டியின் கையில் ஓடும் ரப்பர்க் குழாய் வெடித்துவிட்டது. சூடான ஆயில் மழை போலப் பீய்ச்சி, கண்ணாடி, மண், பக்கத்திலிருந்த காரைச்செடி எல்லாவற்றையும் நனைத்தது. அப்பா உடனே வண்டியை நிறுத்திவிட்டார்.

குழாய் பெரிய விஷயமில்லை. மாற்றுக் குழாய் வைத்திருந்தார். மத்தியானத்துக்குள் அவரே மாட்டிவிட்டார். ஆயில்தான் போய்விட்டது. அந்த வண்டிக்குக் கையும் காலும் எல்லாமே ஆயிலின் பலத்தில்தான் அசையும். குறைந்த ஆயிலோடு ஓட்டினால் பம்ப் காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். அப்பா போன் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப்போய் போளூர்க் கடைக்குப் பேசினார். வழக்கமாக ஊற்றுகிற ஆயில் இப்போது இல்லை, வரவழைத்து நாளை மறுநாள் பஸ்ஸில் போட்டுவிடுகிறோம் என்றார்கள். அப்பா சரி என்று இறங்கி வந்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தம்பி ஆயில் கடையிலேயே இருக்கும்போது போளூரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று அவளும் அதே மேட்டுக்கு ஏறிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

சாயங்காலமே மாமா வந்துவிட்டார். யாருடைய குட்டியானை மினி லாரியிலோ ஆயில் கேன்களை ஏற்றிக்கொண்டு, எனக்கு ஒரு பொட்டலம் மக்கன்பேடா இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். மலைக்கே வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்பா கேனைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது வேற மச்சான்."

"இன்னா மாமா வேற? உங்களுது அறுபத்தெட்டு. இதுவும் அறுபத்தெட்டு. நம்பரப் பாருங்க."

"நம்பர் கெட்டிக்கும் இளக்கத்துக்கும்தான். உள்ள கலக்குற மருந்து வேற. ரெண்டு மருந்தும் ஒண்ணுக்கொண்ணு சேரலன்னா திரிஞ்சிடும்."

"பாலா மாமா திரியறதுக்கு? ஆயிலு! எங்க கடையில எத்தினி பேரு வாங்கிட்டுப் போய் ஊத்தறாங்க."

"அவுங்க பழச முழுசா வடிச்சிட்டு ஊத்தறாங்களோ இன்னாவோ. முழுசா மாத்தணும்னா நீ கொண்டாந்தது பத்தாது. பாதி அது, பாதி இதுன்னா எனக்கு பயமா இருக்குது."

மாமா முகம் சுருங்கிவிட்டது. மலையேறி வந்தவரை இப்படிப் பேசலாமா என்று எனக்கு அப்பா மேல் கோபம். அம்மாவும் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அப்பா அதைக் கேட்டாரோ என்னவோ, ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தால் கொடு என்றார். அம்மா ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்து, கழுவி, துடைத்துக் கொடுத்தாள். அப்பா அதில் பாதி வண்டியின் ஆயிலையும் பாதி மாமாவின் ஆயிலையும் ஊற்றிக் குலுக்கினார். அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அதில் பாட்டிலை நிற்கவைத்துச் சூடாக்கினார். பிறகு எடுத்து ஜன்னலில் வைத்தார். சோற்று அடுப்பில் ஆயிலைக் காய்ச்சுகிற மனுஷனை இன்றுதான் பார்க்கிறேன் என்று மாமா என் காதில் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

காலையில் எழுந்ததும் முதலில் பாட்டிலைப் பார்த்தது நான்தான். முந்தின நாள் தேன் போலத் தெளிவாக இருந்தது இப்போது கஞ்சி போலக் கலங்கியிருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அப்பா அதைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் இருந்தது நகரவில்லை. மாமாவிடம் நீட்டினார். மாமாவும் சாய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"ஊறுகா பாட்டில்ல ஈரம் இருந்திருக்கும் மாமா" என்றார் கடைசியாக.

அப்பா பாட்டிலை வாங்கி மறுபடி ஜன்னலில் வைத்தார். போளூர் ஆயில் நாளைக்குப் பஸ்ஸில் வந்துவிடும், அதுவரை வண்டி நிற்கட்டும் என்று மட்டும் சொன்னார். மாமா கேன்களை அறைச் சுவரோரமாக அடுக்கிவிட்டு, குட்டியானை திரும்பி வரும்வரை என்ன செய்வது என்று தெரியாமல் எனக்குச் சீட்டு வித்தை காட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் மேற்கே குன்றுகள் காணாமல்போயின. இந்த மலையில் மழை வருவதற்கு முன்னால் ஒரு மண் வாசனை வரும், ஒரு காற்று வரும் என்றெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. திடீரென்று எதிரே வந்து நின்றுகொண்டிருக்கும். எங்கள் தலைமேல் பெய்தது கொஞ்சம்தான். மேலே காட்டில் கொட்டியிருக்கிறது. ஏரிக்கு வருகிற ஓடை செந்நிறமாகக் குதித்து வந்தது. நாங்கள் எல்லோரும் கரைக்கு ஓடினோம். ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அப்பா போட்டிருந்த மண் தடுப்பை ஒட்டித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தடுப்பு நனைந்து, ஓரம் ஓரமாகக் கரைந்தது. மூட்டையில் மண் கட்டிப் போட்டார்கள். ஒரு மூட்டை போட்டால் பக்கத்தில் ஒரு துளை கசிந்தது. அந்தத் தடுப்பு போய்விட்டால் ஏரித் தண்ணீர் முழுக்கப் பிளவு வழியாக நேரே கீழே இறங்கும்.

அக்கா குழந்தையை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு பெட்டியையும் அரிசி மூட்டையையும் மேட்டுக்குத் தூக்கி வந்தாள். மறுபடி போய் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தூக்குவதற்கு எதுவும் இல்லாதவள் போல அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் வீட்டைப் பார்க்கவில்லை. கொல்லையைத்தான் பார்த்தது.

"அண்ணா, வண்டி ஓடாதா?" என்று கேட்டாள்.

அப்பா பிளவைப் பார்த்தார். அவர் வெட்டியது. சுவர் போல நேராக, அழகாக வெட்டியிருந்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் கையை வைத்தார். மழைத்தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் நெற்றியைக்கூடத் துடைக்கவில்லை.

"மச்சான், கேனத் தூக்கிட்டு வா."

மாமா ஒரு நொடி நம்பாமல் நின்றார். அடுத்த நொடி ஓடினார். அம்மா குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"இன்னாங்க, நீங்கதானே வேணாம்னீங்க?"

"வேணாம்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"கரைய வெட்டினது நானு."

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டி மேல் ஏறினாள். ஆயில் ஊற்றுகிற வாயில் மழைத்தண்ணீர் விழாமல் ஒரு சாக்கைக் குடை போலப் பிடித்துக்கொண்டாள். மாமா ஒவ்வொரு கேனாகக் கவிழ்த்தார். கடைசிக் கேன் காலியானதும் அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பாவை மாமா ஜெயித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

வண்டி கிளம்பியது. முதலில் ஒரு உறுமல், பிறகு ஊளை மாதிரி ஒரு மெல்லிய சத்தம். கை தயங்கித் தயங்கி எழுந்தது, பிறகு சரியாகிவிட்டது. அப்பா அன்று ஓட்டின மாதிரி ஓட்டி நான் பார்த்ததில்லை. அவசரமே இல்லை. வெட்டிக் குவித்திருந்த மண்ணை அள்ளி அள்ளிப் பிளவில் கொட்டினார்; அள்ளுகிற வாளியின் முதுகால் தட்டித் தட்டி அமுக்கினார்; வண்டியோடு மேலேறி மிதித்தார். ஆட்கள் இரண்டு பக்கமும் கற்களை அடுக்கினார்கள். ஒரு கட்டத்தில் முன்னாலிருந்த தடுப்பு சரிந்தே விட்டது. தண்ணீர் பாய்ந்து வந்து புது மண்ணில் மோதியது. எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். மண் கொஞ்சம் கரைந்தது. அப்பா இன்னும் ஒரு வாளி போட்டார், இன்னும் ஒன்று. தண்ணீர் அங்கேயே சுழன்று, நுரைத்து, ஒதுங்கி நின்றது.

மழை விட்டு, மேகத்துக்குக் கீழே மஞ்சள் வெயில் வந்தபோது கரை முழுசாக இருந்தது. சாமைக் கொல்லை ஈரத்தில் பளபளவென்று நின்றது. அக்கா பெட்டியையும் ஆட்டையும் மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மாமாவைச் சுற்றிக் கூட்டம். நல்ல நேரத்தில் ஆயில் கொண்டுவந்தீங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யாரோ ஒரு சீத்தாப்பழத் தட்டைக்கூட நீட்டினார்கள். மாமா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார். "ஆயிலு ஆயிலுதான். நான் சொன்னேனில்ல?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினேன்.

அடுத்த நாள் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் இன்ஜின் ஓடியது, கை எழவில்லை. பம்ப் முனகியது. அப்பா ஃபில்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். அதன் மடிப்பெல்லாம் வெண்ணெய் அப்பியது போல வழவழவென்று ஏதோ அடைத்திருந்தது. மாமா அதைப் பார்த்தபடியே நின்றார். விரலால் தொடவில்லை. அப்பா அவர் தோளைத் தட்டி, "நேத்து வேல முடிஞ்சிச்சி இல்ல மச்சான்? அத்தோட வுடு" என்றார். அந்தப் பேச்சு வீட்டில் மறுபடி எழவே இல்லை. அம்மா தம்பியைத் திட்ட வாயெடுத்தபோதும் அப்பா கையமர்த்திவிட்டார். பம்ப் போய்விட்டது; புதுசு போட எங்களிடம் பணம் இல்லை. ஏரி நிறைந்து வழிகிற வரை வண்டி மலையிலேயே நின்றது. பிறகு டிரெய்லர் ஏறிக் கீழே வந்து, எங்கள் வாசலுக்கு வராமலே வேறு ஒருவரிடம் போனது. அப்பா மறுபடி யார் யார் வண்டியையோ ஓட்டப் போனார், இன்றும் ஓட்டுகிறார். மாமா அதே தொழிலில்தான் இருக்கிறார். ஆனால் இப்போது யார் வந்து ஆயில் கேட்டாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் கேனை நகர்த்தமாட்டார் என்று கேள்வி.

அதெல்லாம் பிறகு. எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது முந்தின நாள் சாயங்காலம்தான்.

வேலை முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அம்மா சாதம் வடித்துவிட்டு அப்பாவைக் கூட்டிவரச் சொன்னாள். கரை மேல் போனேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கையைத் தரையில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அப்பா உள்ளே சீட்டில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. நான் ஏறி அவர் மடியில் உட்கார்ந்துகொண்டேன். ஈரச் சட்டையும் ஆயிலுமாக நாற்றம். ஆனாலும் உள்ளே கதகதப்பாக இருந்தது.

"ஏம்ப்பா ஆஃப் பண்ணல? அம்மா சாப்பிடக் கூப்புட்றாங்க."

"பண்றம்மா. கொஞ்சம் ஓடட்டும்."

அவர் இரண்டு லீவர்கள் மேலும் கையை வைத்திருந்தார். அசைக்கவில்லை. சும்மா வைத்திருந்தார். சீட்டு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே அக்கா வீட்டில் விளக்கு எரிந்தது. வண்டிக்குள்ளே எங்கோ அந்த மெல்லிய ஊளை கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். மாமாவின் ஆயில் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அப்பா ஆச்சரியப்படுகிறார், அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவராகச் சொல்லட்டும் என்று, சோற்றை மறந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.